ஆளைக் கூப்பிடுவதற்கு முன்: பெங்களூர் கடை, ஆபீஸ் கம்ப்யூட்டர்களில் வரும் கோளாறுகள்

சிக்பேட்டை, மொத்த ஜவுளி

மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தால் மறுநாள் காலை டேலியில் (கணக்கு எழுதும் மென்பொருள்) கம்பெனி, அதாவது உங்கள் கடைக் கணக்கு, திறக்காது. பதறிப்போய் ரிப்பேரை அழுத்திடாதீங்க. முதலில் எல்லா மேசையிலும் டேலியை மூடுங்க. டேட்டா ஃபோல்டருக்குள் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர் இருக்கும். அதுதான் உங்கள் கம்பெனி. அதை அப்படியே வேறு டிரைவுக்கு நகல் எடுங்க. டேட்டா பாத்தை (டேலி கணக்கைத் தேடும் இடம்) நகலுக்குத் திருப்பி, அங்கேதான் ரிப்பேர்: டேலி பிரைமில் ஆல்ட்-ஒய், அப்புறம் ரிப்பேர்.

ஏன் இவ்வளவு ஜாக்கிரதை என்றால், படிக்க முடியாமல் போன வவுச்சர் (கணக்கில் ஏற்றிய ஒவ்வொரு பதிவு) ரிப்பேரில் சொல்லாமல் கொள்ளாமல் விடுபட்டுப் போகலாம். முடிந்ததும் ஆல்ட்-ஜி அழுத்தி ஸ்டாட்டிஸ்டிக்ஸைத் திறந்து, வவுச்சர் எண்ணிக்கையைக் கடைசி பேக்கப்போடு ஒப்பிடுங்க. விற்பனை பில் எண்களில் நடுவில் இடைவெளி விழுந்திருந்தால் அந்த பில்லைக் கையால் ஏற்றியாக வேண்டும்.

அல்சூர், பாத்திரக் கடை

மேலே சொன்னதோடு இன்னொன்று. சர்வர் மேசையில் (டேட்டா இருக்கும் கம்ப்யூட்டர்) கம்பெனி திறக்கிறது, மற்ற மேசையில் மட்டும் இல்லை என்றால் டேட்டாவில் கையே வைக்க வேண்டாம். கரண்ட் வந்ததும் ரூட்டர் சர்வருக்குப் புது ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்திருக்கும்; மற்றவை பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். ரூட்டர் செட்டிங்கில் சர்வருக்கு ஒரே ஐபியை ரிசர்வ் செய்துவிட்டால் தொல்லை விட்டது. அதிலும் சரியாகவில்லையா? சர்வரில் நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று மாறியிருக்கிறதா பாருங்க, ‘பிரைவேட்’ ஆக்குங்க.

அவென்யூ ரோடு, கணக்கு ஆபீஸ்

எங்களிடம் வரும் எக்செல் ஃபைல்களில் பாதிக் கோளாறு, சிஎஸ்வியை (கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) டபுள் கிளிக் செய்து திறந்ததாலேயே வருகிறது. காபியின் எச்எஸ்என் (ஜிஎஸ்டியில் சரக்கு வகைக் குறியீடு) 0901. திறந்த மாத்திரத்தில் அது 901 ஆகிவிடும். 12 இலக்க ஈ-வே பில் எண் 1.4 என்று தொடங்கி ‘ஈ பிளஸ் 11’ என்று முடியும். உள்ளே எண் முழுசாகத்தான் இருக்கும். ஆனால் அப்படியே திரும்ப சிஎஸ்வியாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிவதைத்தான் எழுதும், அத்தோடு எண் போச்சு. 16 இலக்க வங்கிக் கணக்கு எண் இதைவிட மோசம். எக்செல் 15 இலக்கம்தான் நினைவில் வைக்கும். கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். அப்புறம் டெக்ஸ்ட் என்று மாற்றி எந்தப் பிரயோஜனமும் இல்லை.

சரியான வழி: காலி ஷீட்டைத் திறந்து, டேட்டா மெனுவில் ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி, டேட்டா டைப்பைக் கண்டுபிடிக்காதே என்று தேர்வு செய்து லோட் கொடுங்க. அமெரிக்க முறையில் அமைந்த லேப்டாப்பில் 03/04 என்ற தேதி மார்ச் 4 ஆகிவிடும். 25/04 மாதிரி தேதி மட்டும் எழுத்தாகவே நின்று செல்லின் இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒரே பத்தியில் சில தேதி இடப்பக்கம், சில வலப்பக்கம் என்றால் இதுதான் காரணம். மறுபடி இறக்கும்போது டெக்ஸ்டாகவே ஏற்றி, டெக்ஸ்ட் டு காலம்ஸில் மூன்றாவது படியில் தேதி வகை டிஎம்ஒய் கொடுங்க.

விலுக்கப் (ஒரு பட்டியலில் பெயரைத் தேடும் எக்செல் ஃபார்முலா) கண்ணெதிரே இருக்கும் பெயரை இல்லை என்று சாதித்தால், பெயருக்குப் பின்னால் ஸ்பேஸ் ஒளிந்திருக்கிறது. ஸ்பேஸை நீக்கும் டிரிம் ஃபார்முலாவில் போகாவிட்டால் அது வெப் பக்கத்திலிருந்து ஒட்டி வந்த வேறு ரக ஸ்பேஸ். ரீப்ளேஸ் பெட்டியில் ஆல்ட்டை அழுத்திக்கொண்டு நம்பர் பேடில் 0160 அடியுங்க, மாற்றுப் பெட்டியைக் காலியாக விடுங்க. லேப்டாப்பின் மேல்வரிசை எண்களில் அடித்தால் வேலை செய்யாது.

சிவாஜிநகர், மளிகை

பில் பிரிண்டர் பேப்பரைத் தள்ளுகிறது, எழுத்தே இல்லை. ரோலை நகத்தால் கீறிப் பாருங்க. கறுப்புக் கோடு விழும் பக்கம்தான் பிரிண்டரின் அச்சு ஹெட்டைப் பார்த்திருக்கணும். ரோலைத் திருப்பிப் போட்டால் முடிந்தது. கேபிளை வேறு யுஎஸ்பி துளையில் மாட்டியதும் ‘ஆஃப்லைன்’ என்றால், பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ், போர்ட்ஸ் பக்கத்தில் யுஎஸ்பி001 என்பதற்குப் பதில் 002-ஐ டிக் செய்யுங்க.

எஸ்.பி. ரோடு, பார்கோடு லேபிள்

அச்சாகியும் ஸ்கேனர் படிக்காத பார்கோடுக்கு ஸ்கேனரைக் குறை சொல்கிறார்கள். கோளாறு டிசைனில். சாதாரண லேபிள் பிரிண்டர் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி வைக்கும், அதாவது ஒரு புள்ளி 0.125 மிமீ. மெல்லிய கோடு 2 புள்ளியோ 3 புள்ளியோ இருக்கலாம், இரண்டரை முடியாது. இஏஎன்-13 (கடைச் சரக்கில் இருக்கும் 13 இலக்க பார்கோடு) பக்க இடைவெளியோடு 113 அலகு; ஓர் அலகு என்பது மெல்லிய கோட்டின் அகலம். 3 புள்ளியில் 42.4 மிமீ ஆகிறது. 38 மிமீ லேபிளில் எப்படி நிற்கும்? உடனே மூலையைப் பிடித்து இழுத்துச் சுருக்குகிறோம். கோடுகள் ஒன்று தடித்து ஒன்று இளைத்து நிற்கின்றன.

50 மிமீ லேபிளுக்கு மாறுங்க. கடைக்குள் மட்டும் ஓடும் சரக்கென்றால் கோட் 128 என்ற பார்கோடு வகையில் 6 இலக்க எண் வையுங்க. 3 புள்ளியில் இடைவெளி சேர்த்தும் 33 மிமீதான். லேபிள் ஒன்று விட்டு ஒன்று அச்சானால் அது வேறு நோய்: ரோல் மாற்றிய பின் கேப் கேலிப்ரேஷன் (லேபிள்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியைப் பிரிண்டருக்குக் காட்டுவது) செய்யவில்லை.

பீன்யா, இயந்திர உதிரி

ஈ-இன்வாய்ஸில் (பில்லை அரசு போர்ட்டலில் பதிவது) 2150 என்ற பிழை எண் வந்தால் புது எண் போட்டு இன்னொரு பில் அடிக்காதீங்க. அது ‘ஏற்கெனவே பதிவாகிவிட்டது’ என்று பொருள். பதில் வரும்முன் நெட் அறுந்திருக்கும். போர்ட்டலில் அந்த ஐஆர்என்னை (பில்லுக்குப் போர்ட்டல் கொடுத்த பதிவு எண்) எடுத்து பில்லில் ஏற்றினால் போதும். 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்யலாம், ஆனால் ரத்தான பில் எண்ணை மறுபடி பயன்படுத்த முடியாது. 2172 என்றால் மாநிலத்துக்குள் விற்றதில் ஐஜிஎஸ்டி (மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் போடும் வரி) போட்டிருக்கிறீர்கள். ஓசூர் பார்ட்டிகளில் இது அடிக்கடி நடக்கும்: ஒரே கம்பெனிக்கு பெங்களூரில் 29-இல் (கர்நாடகா) தொடங்கும் ஜிஎஸ்டி எண், ஓசூரில் 33 (தமிழ்நாடு). லெட்ஜரில் இரண்டையும் தனித்தனிப் பெயரில் வையுங்க. பில் எண் 16 எழுத்தைத் தாண்டக் கூடாது, 0-இல் தொடங்கவும் கூடாது.

சிக்பேட்டை, மொத்த ஜவுளி

பழைய டெஸ்க்டாப்பில் தினமும் காலை எந்த அரசு தளமும் ‘பாதுகாப்பில்லை’ என்று மறுத்தால், நெட் கம்பெனிக்கு போன் போடுமுன் மூலையிலிருக்கும் தேதியைப் பாருங்க. வருஷக்கணக்கில் பின்னால் போயிருந்தால் மதர்போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரி செத்துவிட்டது. வாட்ச் கடையிலும் கிடைக்கும். பவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளஸ் எழுதிய பக்கம் மேலே தெரியும்படி போடுங்க.