‘வேடியப்பன் துணை’ குடும்பக் குழு: மண்டி மெயில்

செல்வம் சித்தப்பா: அருண், வேலையாக இருக்கிறாயா? வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. ‘பேமெண்ட் பெண்டிங்’ என்று தலைப்பு, கூடவே ஒரு பில். சித்தூர் மாங்கூழ் கம்பெனிக்காரராக இருக்கும். இரண்டு லோடு பெங்களூரா மாங்காய்க்கு இன்னும் பணம் வரவில்லை.

அருண்: திறந்துவிட்டீர்களா சித்தப்பா?

செல்வம் சித்தப்பா: இல்லை, டவுன்லோடு மட்டும் ஆகியிருக்கிறது. ஜிப் ஃபைல், பாஸ்வேர்டு கேட்கிறது. அது 1234 என்று மெயிலிலேயே எழுதியிருக்கிறார்கள். உள்ளே இருப்பது பிடிஎஃப்தான், பெயர் தெரிகிறது.

அருண்: தயவுசெய்து பாஸ்வேர்டு போட வேண்டாம். பூட்டிய ஜிப்புக்குள் இருப்பதை மெயில் கம்பெனியின் வைரஸ் சோதனையால் பிரித்துப் பார்க்க முடியாது. அதற்காகத்தான் பூட்டி, சாவியையும் கூடவே அனுப்புகிறார்கள். ஃபோல்டரில் மேலே ‘வியூ’ அழுத்தி, ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பிறகு அந்தப் பெயரை மறுபடி பாருங்கள்.

செல்வம் சித்தப்பா: அட, பிடிஎஃப் என்பதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி வந்திருக்கிறது. இ, எக்ஸ், இ.

அருண்: அதுதான். கடைசிப் புள்ளிக்குப் பின்னால் இருப்பதுதான் அசல் வகை. இது பில் இல்லை, தொட்டதும் ஓடத் தொடங்கும் புரோகிராம். விண்டோஸ் அந்த வாலை வழக்கமாக மறைத்தே வைக்கும். இனி அந்த டிக்கை எடுக்காதீர்கள்.

கவிதா சித்தி: நமக்குப் பணம் வர வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரிந்தது?

அருண்: தெரியாது சித்தி. ஒரே மெயிலை ஆயிரக்கணக்கான பேருக்கு வீசுகிறார்கள். மாங்காய் சீசன் முடிந்தால் காவேரிப்பட்டணத்தில் யாருக்குத்தான் பாக்கி இல்லை?

மாலா அத்தை: தெரிந்தவர்களிடமிருந்து வந்தால் பயமில்லைதானே?

அருண்: அப்படி நம்பித்தான் ஏமாறுகிறார்கள் அத்தை. 2000 மே மாதம் பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்பில் ஒரு மெயில் கிளம்பியது. காதல் கடிதம் போல ‘டிஎக்ஸ்டி’ (வெறும் எழுத்து ஃபைல்) என்று பெயர், அதன் பின்னால் மறைந்திருந்தது ‘விபிஎஸ்’, அதுவும் ஒரு புரோகிராம் வகை. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அவர் பெயரிலேயே போனது. உலகமே திணறியது. அதே வித்தைதான் இன்று சித்தப்பாவுக்கும் வந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் போன் போட்டுக் கேளுங்கள், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் நம்பரில்.

பிரியா: வேர்டு, எக்ஸெல் ஃபைலில் மேலே மஞ்சள் பட்டை வந்து ‘எனேபிள்’ கேட்கிறதே அண்ணா?

அருண்: மெயிலில் வந்த ஃபைல் என்றால் அழுத்தாதே. அதற்குள் மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைகள், இருந்தால் அதுவும் புரோகிராம்தான்.

கவிதா சித்தி: ஆன்டி வைரஸ் காசு கொடுத்து வாங்க வேண்டுமா?

அருண்: விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருக்கிறது, வீட்டுக்கு அது போதும். ஆனால் அப்டேட் நிற்கக் கூடாது. நம்முடையது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து வந்து, 11 போட முடியுமா என்று பார்க்கிறேன். ஒருவேளை எதையாவது திறந்துவிட்டால் முதலில் நெட் ஒயரைப் பிடுங்குங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள்.

மாலா அத்தை: ஆயா கும்மி பாடிய வீடியோ அந்தக் கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது?

அருண்: ஆமாம் அத்தை, எனக்கும் அந்தப் பயம்தான். சில வைரஸ்கள் போட்டோ, வீடியோ, கணக்கு எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். கொடுத்தாலும் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சித்தி, நான் வாங்கிக் கொடுத்த ஹார்டு டிஸ்க்கில் காப்பி இருக்கிறதல்லவா?

கவிதா சித்தி: இருக்கிறது. எப்போதும் கம்ப்யூட்டரின் பின்னால் செருகியேதான் கிடக்கிறது.

அருண்: செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். காப்பி எடுக்கும் நேரம் தவிர கழற்றித்தான் வைக்க வேண்டும்.

செல்வம் சித்தப்பா: சித்தூருக்குப் போன் போட்டேன். அவர் மெயிலே அனுப்பவில்லையாம். ஜிப்பை அழித்துவிட்டேன், ரீசைக்கிள் பின்னிலிருந்தும்.

கவிதா சித்தி: டிஸ்க்கைக் கழற்றி, பீரோவில் ஆயாவின் புடவைக்குள் சுற்றி வைத்துவிட்டேன்.