ஸ்ட்ரைடு, பூகி-வூகி: இடது கைக்கு இரண்டு கலைச்சொற்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

இசைக் கலைச்சொற்களின் வரைவுப் பட்டியலைப் பார்த்தேன். ‘ஸ்ட்ரைடு’, ‘பூகி-வூகி’ என்ற இரண்டுக்கும் எதிரே ‘ஜாஸ் பியானோ நடை’ என்று ஒரே சொல் இருக்கிறது. இதை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இரண்டும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் கையில் பிறந்தவை, ஏறக்குறைய ஒரே காலத்தில் இசைத்தட்டுக்கு வந்தவை என்பது சரி. ஆனால் ஒன்று ஆரம்பகால ஜாஸின் கைவேலை, மற்றது புளூஸின் கைவேலை. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் தமிழில் படிக்கிறவருக்கு அந்த வேறுபாடு தெரியவே போவதில்லை.

பியானோவைக் கேட்கும்போது காது முதலில் வலது கையைத்தான் பிடித்துக்கொள்கிறது. மெட்டு அங்கே இருக்கிறது. இந்த இரண்டு பாணிகளும் பிரிவது இடது கையில். எனவே பெயரும் இடது கையின் வேலையிலிருந்து வர வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் ஸ்ட்ரைடு. 1920-களின் நியூயார்க், ஹார்லெம் பகுதி. அங்கே தலைமகன் ஜேம்ஸ் பி. ஜான்சன். அவருக்கு முன்னே ஸ்காட் ஜாப்லின் முதலியோரின் ராக்டைம் என்ற பியானோ இசை இருந்தது. ஜான்சன் அந்த ராக்டைமின் இடது கையை எடுத்து, வேகம் கூட்டி, தூரம் கூட்டி, தட்டுகளின் நடுவே ஓர் அசைவையும் ஏற்றினார். நான்கு தட்டுகள் கொண்ட ஓர் அலகை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தட்டில் இடது கைச் சுண்டுவிரல் பியானோவின் அடித்தளத்தில் ஒரு கட்டையை அழுத்துகிறது. இரண்டாவது தட்டில் அதே கை ஒன்றரை ஸ்தாயி, சில இடங்களில் இரண்டு ஸ்தாயி தாண்டி வந்து, நடுப்பகுதியில் ஒரு சுரக்கூட்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்களை, அழுத்துகிறது. மூன்றாவது தட்டில் மீண்டும் கீழே. நான்காவதில் மீண்டும் மேலே. பாட்டு முடியும்வரை இப்படித்தான். ஒரே கை இரண்டு ஆள் வேலை செய்கிறது: டபுள்பாஸ்காரர் வேலையும் பாஞ்சோக்காரர் வேலையும்.

என் வீட்டில் 61 கட்டைகள் கொண்ட கீபோர்டு ஒன்று இருக்கிறது. அதில் இதை மிக மெதுவாக முயன்று பார்த்தேன். முழுப் பியானோவில் 88 கட்டைகள் என்பதால் இந்த வாசிப்புக்கு இடம் இருக்கிறது. இங்கே சுண்டுவிரல் கீழே போக வேண்டிய இடத்தில் கீபோர்டே முடிந்து, விரல் மேசையில் இடித்தது. இன்னொன்றும் அப்போதுதான் விளங்கியது. வலது கை மெட்டில் இருக்கும்போது இடது கையைப் பார்க்கக் கண்ணுக்கு நேரமில்லை. கை அந்தத் தூரத்தைத் தானாகவே அறிந்திருக்க வேண்டும். ஃபேட்ஸ் வாலர் போன்ற பெரிய கைக்காரர்கள் கீழே ஒற்றைக் கட்டையோடு நிற்காமல், பத்து வெள்ளைக் கட்டை அகலம் விரித்து இரண்டு சுரங்களைச் சேர்த்தே அழுத்தினார்கள். கை எட்டாதவர்கள் கீழ்ச் சுரத்தை இமைப்பொழுது முந்தவிட்டு மேல் சுரத்தைத் தொடர்ந்தார்கள்.

ஜான்சனின் ‘கரோலினா ஷவுட்’ 1918-இல் பியானோ சுருளாகவும் 1921-இல் இசைத்தட்டாகவும் வந்தது. டியூக் எலிங்டன் இளைஞராக இருந்தபோது இதைக் கற்ற விதத்தை அவரே சொல்லியிருக்கிறார். துளையிட்ட காகிதச் சுருளைத் தானியங்கிப் பியானோவில் பொருத்தி, வேகத்தைக் குறைத்து, தானாகக் கீழே இறங்கும் கட்டைகளின்மேல் தன் விரல்களை வைத்து வைத்துப் பழகினாராம். ஆசிரியர் இல்லாத நாற்காலியின் முன்னே அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவரின் கையைப் பின்தொடர்ந்திருக்கிறார். இந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும்.

இனி பூகி-வூகி. இதன் ஊர் வேறு. டெக்சாஸ், லூசியானா பகுதிகளில் மரம் வெட்டும் முகாம்கள், பைன் மரப் பிசின் எடுக்கும் டர்பன்டைன் முகாம்கள், அங்கே தொழிலாளர்கள் கூடும் மதுக்கொட்டகைகள், சுருதி கலைந்த பழைய பியானோக்கள். பிறகு தெற்கிலிருந்து வடக்கே வேலை தேடிப் போன மக்களோடு இது சிகாகோவுக்குப் போயிற்று. பைன் டாப் ஸ்மித் 1928 டிசம்பரில் சிகாகோவில் பதிவு செய்த இசைத்தட்டுதான் இந்தப் பெயரை ஊரறியச் செய்தது. வாசித்துக்கொண்டே ஆடுகிறவர்களை நில் என்கிறார், ஆடு என்கிறார். அடுத்த மார்ச்சிலேயே துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்துபோனார், வயது 24.

இந்தப் பாணியில் இடது கை தாவுவதில்லை. ஒரே இடத்தில் நின்று ஒரே வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. நமக்குப் பழகிய சுரங்களில் சொன்னால், மிகவும் அறியப்பட்ட ஒரு வரிசை இது: ச க ப த நி த ப க. நிஷாதம் கைசிகி. நான்கு தட்டுக்குள் எட்டுச் சுரங்கள். பாடிப் பாருங்கள், ஏறி இறங்கித் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்கிறது, உடனே மீண்டும் ஏறுகிறது. புளூஸின் பன்னிரண்டு அலகுச் சுற்றில் முதல் நான்கு அலகுகள் இப்படி. பிறகு அதே எட்டுச் சுர வடிவத்தை மத்திமத்தைத் தளமாக வைத்து இரண்டு அலகு. மீண்டும் ஷட்ஜத்தில் இரண்டு. பிறகு பஞ்சமம், மத்திமம் என ஒவ்வோர் அலகு, கடைசியில் ஷட்ஜத்தில் இரண்டு. சுற்று முடிந்தது, அடுத்த சுற்று. மீட் லக்ஸ் லூயிஸ் 1927-இல் பதிவு செய்த ரயில் பாட்டைக் கேட்டால், தண்டவாள இணைப்புகளின்மேல் சக்கரம் ஏறி இறங்கும் சத்தம் இடது கையிலேயே இருக்கிறது.

வடிவமும் வேறு. ஜான்சனின் பாட்டில் பதினாறு அலகுகள் கொண்ட பகுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. சுரக்கூட்டுகள் அடிக்கடி மாறுகின்றன. புளூஸ்காரருக்கு மூன்று சுரக்கூட்டுகள் போதும். அந்தச் சிறிய வீட்டுக்குள்ளேயே அவர் நாள் முழுவதும் புதிது புதிதாகச் சொல்லிக்கொண்டிருப்பார்.

என் பரிந்துரை இது. ஸ்ட்ரைடுக்கு தாவுகை. பூகி-வூகியின் இடது கை வேலைக்கு உருட்டுகை. ஊறுகாய் போல வினைத்தொகையாக எடுத்தால் தாவுகின்ற கை, உருட்டுகின்ற கை. வருகை, செய்கை போலத் தொழிற்பெயராக எடுத்தால் தாவும் செயல், உருட்டும் செயல். எப்படிப் பிரித்தாலும் பொருள் கெடவில்லை. ஜாஸ், புளூஸ், பூகி-வூகி என்பவை இசையின் பெயர்கள். அவை அப்படியே இருக்கட்டும்.

‘தாவுநடை’ என்று ஒரு நண்பர் முன்பே எழுதியிருந்தார். நடை என்ற சொல் நம் இசையில் திசிர நடை, கண்ட நடை என்று தாளத்தின் உட்பிரிவுக்கு உரியதாகிவிட்டது. அதை இங்கே கொண்டுவந்தால் மிருதங்கம் பயில்கிறவர் தவறாகவே புரிந்துகொள்வார். அதனால்தான் தவிர்த்தேன்.

———

வீணை ஆசிரியை ஒருவரின் மறுமொழி:

வணக்கம் ஐயா. இடது கையை வைத்துப் பெயரிடலாம் என்ற எண்ணம் சரியாகவே படுகிறது. இரண்டு ஐயங்கள்.

முதலாவது, தாவுதல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. தொடக்க மாணவர்களுக்குத் தாட்டு வரிசை சொல்லிக்கொடுக்கிறோம். சுரங்களை விட்டு விட்டுத் தாண்டிப் போகும் பயிற்சி. அந்தச் சொல்லையே எடுத்துத் ‘தாட்டுக்கை’ என்றால் என்ன?

இரண்டாவது, புளூஸில் எல்லாமே உருளுகிறதா? ஜிம்மி யான்சியின் பதிவுகளைக் கேட்டேன். அவருடைய இடது கை நிறைய இடம் விடுகிறது. சில இடங்களில் மௌனம்தான் தாளம். லிராய் கார் 1928-இல் கிதாரோடு சேர்ந்து பதிவு செய்த பாட்டிலோ இடது கை அமைதியாக நடக்கிறது. உருட்டல் என்று எதையும் நான் கேட்கவில்லை.

இன்னொன்று. புளூஸ் பாடகர்கள் காந்தாரத்தையும் நிஷாதத்தையும் இரண்டும் கெட்ட இடத்தில் நிறுத்துகிறார்கள். கிதாரில் தந்தியை இழுத்து அதைக் கொண்டுவருகிறார்கள், நாங்கள் வீணையில் இழுப்பது போலவே. பியானோவில் தந்தியை யாரும் தொட முடியாதே. ஆங்கிலத்தில் ‘புளூ நோட்’ எனப்படும் இதற்குப் பட்டியலில் ‘நீலச் சுரம்’ என்று இருக்கிறது. அதைப் பார்த்தால் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

———

மூத்த உறுப்பினர் ஒருவர்:

தம்பி, நல்ல முயற்சி. சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எட்டு இசைக்கரணங்கள் வருகின்றன: வார்தல், வடித்தல், உந்தல், உறழ்தல், உருட்டல், தெருட்டல், அள்ளல், பட்டடை. விரல் நரம்பில் செய்யும் வேலைகள் இவை. நீங்கள் சொல்லும் உருட்டல் அங்கேயே இருக்கிறது. உறழ்தல் என்பதற்கு ஒன்றிரண்டை இடையிட்டுச் செல்வது என்று உரை. அப்படியானால் ஸ்ட்ரைடுக்கு ‘உறழ்கை’ என்றே வைக்கலாமே. இணையான இரண்டு பழஞ்சொற்கள் கிடைத்துவிடும்.

———

அம்மாவுக்கும் ஐயாவுக்கும் நன்றி.

உருட்டல் கானல்வரியில் இருப்பதை எண்ணாமலே நான் எழுதியிருந்தேன். பியானோ உருட்டுகைக்கு அந்த வேர் கிடைத்தது எனக்குப் பெருமகிழ்ச்சி. உறழ்கைக்கு மட்டும் உடன்பட முடியவில்லை. உறழ்தல் என்றதும் இன்று தமிழ் படித்தவர் நினைவுக்கு வருவது புணர்ச்சி இலக்கணம். மற்றவருக்கு எதுவுமே வராது. இசைத்தட்டு ஒலித்துக்கொண்டிருக்கும்போது சொல்லைக் கேட்டவுடன் கை எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். தாவுகை என்றால் தெரிகிறது.

தாட்டுக்கை பற்றி இரண்டு நாள் யோசித்தேன். தாட்டு வரிசையில் தாண்டுவது மெட்டு. தாண்டிய இரு சுரங்களும் ஒரே வரிசையின் உறுப்புகள், ஒரே தகுதி உடையவை. ஸ்ட்ரைடில் கீழே இருப்பது தளம், மேலே இருப்பது கூட்டு. இரண்டுக்கும் வேலை வேறு. மெலிவுக்கும் (கீழ் ஸ்தாயி) சமனுக்கும் (நடு ஸ்தாயி) இடையே கைதான் தாவுகிறது, மெட்டு தாவவில்லை. அதனால் தாட்டு என்றால் கர்நாடக இசை மாணவர் வலது கையைத்தான் தேடுவார்.

யான்சி, லிராய் கார் பற்றி அம்மா சொன்னது முழுக்கச் சரி. என் முதல் மடலில் புளூஸ் பியானோவையும் உருட்டுகையையும் ஒன்றாக எழுதிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். உருட்டுகை புளூஸ் பியானோவின் ஒரு வகை மட்டுமே. இதுபோலவே தாவுகை ஜாஸ் முழுவதற்கும் பெயராகாது. ஏர்ல் ஹைன்ஸ் 1928-இல் லூயி ஆம்ஸ்ட்ராங்கோடு வாசித்தபோது தாவுகையை நடுவழியில் அறுத்து, வேறு எங்கோ போய், சரியான தட்டில் வந்து சேர்ந்தார். வலது கையில் டிரம்பெட் போலத் தனி வரி. நியூ ஆர்லியன்ஸின் ஜெல்லி ரோல் மார்ட்டனோ பியானோவிலேயே ஒரு முழு வாத்தியக் குழுவை நினைத்து வாசித்தவர். ஆள்களும் வேலியின் ஒரே பக்கம் நின்றுவிடவில்லை. ஹார்லெம் தாவுகையின் தலைமகன் என்று நான் சொன்ன அதே ஜேம்ஸ் பி. ஜான்சன்தான் 1927-இல் வெள்ளத்தைப் பற்றிய புளூஸ் பாட்டுக்கு பெஸ்ஸி ஸ்மித்தின் பக்கத்தில் அமர்ந்து வாசித்தார். ஆகவே பதிவுகளில் ‘ஜாஸ் கலைஞர்’, ‘புளூஸ் கலைஞர்’ என்று ஆளைப் பிரிக்காமல் கைவேலையைப் பிரிப்போம்.

நீலச் சுரம் வேண்டாம் என்பதில் நானும் உறுதியாக இருக்கிறேன். ஆங்கிலத்தில் நீலம் துயரத்தின் நிறம். நமக்கு நீலம் என்றால் கடல், வானம், மயில், கண்ணன். குழைசுரம் என்று வைக்கலாமா? குரல் குழைகிறது என்று நாம் அன்றாடம் சொல்கிறோம்; சுரம் தன் இடத்தில் விறைப்பாக நிற்காமல் இளகுவதை அந்தச் சொல் காட்டுகிறது. பியானோவில் இதைக் கொண்டுவர அவர்கள் கண்ட வழி எளிமையானது. சாதாரண காந்தாரத்தின் கறுப்புக் கட்டையில் விரலை வைத்து, அதே விரலை அடுத்திருக்கும் அந்தர காந்தாரத்தின் வெள்ளைக் கட்டைக்கு வழுக்கி இறக்குவார்கள். அல்லது இரண்டையும் ஒன்றாக நெரித்து அழுத்துவார்கள். இழுக்க முடியாத கருவியில் இழுத்தது போன்ற ஒரு மயக்கம். உண்மையான இடம் இரண்டு கட்டைகளுக்கும் நடுவே இருக்கிறது. அங்கே கட்டையே இல்லை. காது அதை இட்டு நிரப்பிக்கொள்கிறது.

பட்டியலுக்கான வாசகங்களை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

தாவுகை: பியானோவில் இடது கை ஒற்றைப்படைத் தட்டுகளில் மெலிவில் தளச் சுரத்தையும், இரட்டைப்படைத் தட்டுகளில் சமனில் சுரக்கூட்டையும் மாறி மாறி அழுத்தும் முறை. ராக்டைமிலிருந்து வளர்ந்தது, 1920-களின் ஹார்லெம் ஜாஸில் சிறந்தது.

உருட்டுகை: இடது கை தாவாமல், பெரும்பாலும் அலகுக்கு எட்டுச் சுரங்கள் கொண்ட ஒரே வரிசையை இடைவிடாமல் வாசிக்கும் முறை. பூகி-வூகி புளூஸுக்கு உரியது.

குழைசுரம்: புளூஸிலும் ஜாஸிலும் காந்தாரம், நிஷாதம், சில வேளை பஞ்சமம் தம் இடத்திலிருந்து சற்றே இறங்கி ஒலிப்பது.

யான்சியின் இடைவெளி விடும் இடது கைக்கு இவற்றில் எதுவும் பொருந்தவில்லை. அம்மா அதை வீணையில் ஒருமுறை வாசித்துப் பார்த்து, கைக்கு என்ன தோன்றுகிறது என்று எழுதினால், அங்கிருந்து தொடங்கலாம்.