ஆமைக் கார் சேஸியில 356 ஸ்பீட்ஸ்டர் கட்டுறது: எங்க இருந்து தொடங்குறது?

ஆமைக்கார்_கல்முனை:
ஸலாம், வணக்கம். 1964 ஃபோக்ஸ்வாகன் பீட்டில், அதான் ஆமைக் கார், ஒண்டு வீட்டுல நிக்கிது. பொடி (மேல்கூடு) உப்புக்காத்துல போயிட்டு. சேஸி (கீழ்ச்சட்டம்), என்ஜின், கியர்பொக்ஸ் நல்லம். சி.ஆர் (வாகனப் பதிவு) புத்தகமும் இருக்கு. இதுல போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர் மாதிரி ஃபைபர் பொடி போட்டு, வாப்பா, நான், மகன் (17), மகள் (14) எல்லாரும் சேர்ந்து வீட்டுலயே கட்ட யோசிக்கிறம். வாப்பாக்கு வெல்டிங் தெரியும். சேஸியைக் கட்டையாக்கணுமா? ஃபைபருக்கு எவ்வளவு சாமான் போகும்?

டிங்கர்_கல்லடி:
காக்கா, பொடியில கை வெக்க முதல் சேஸியை முடிங்க. பீட்டிலுக்கு வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் இடைத்தூரம்) 2400 மி.மீ., 356க்கு 2100. அந்த 300ஐ எடுக்காட்டி கதவுக்குப் பின்னால பொடி நீண்டு அசிங்கமாத் தெரியும்.

சேஸி நம்பர் பின் சீட்டுக்குக் கீழ டனல்ல (சேஸிக்கு நடுவால ஓடுற கூடு) அடிச்சிருக்கு. வெட்டு அதுக்கு முன்னால விழணும். பொடி மாத்துறதைப் பத்தி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல இப்பவே எழுத்துல கேளுங்க, கட்டி முடிச்சிட்டுப் போய் நிக்காதீங்க. பெற்றோல் குழாயும் டனலுக்குள்ளாலதான் ஓடுது. டேங்கைக் கழட்டி, குழாய்க்குக் காத்தடிச்சு, நல்லாக் காய விட்ட பிறகுதான் கிரைண்டர்.

நேரான பொக்ஸ் பார் ரெண்டை மட்டம் பார்த்து நிறுத்தி, சேஸியை அதுல போல்ட்டால இறுக்குங்க. வெட்டினாப் பிறகு பின்பாதியைக் கழட்டி அந்தப் பார் மேலயே முன்னுக்குத் தள்ளலாம். மூலைக்கு மூலை அளந்தா வித்தியாசம் 3 மி.மீ.க்குள்ள வரணும். பொட்டு வெல்டிங், திரும்ப அளவு, பிறகு பக்கம் மாத்தி மாத்தி ஓரங்குலம் ஓரங்குலமா. ஒரே மூச்சா இழுத்தா சூட்டுல டனல் ஒரு பக்கம் வளைஞ்சிரும்.

கியர் லீவர்ல இருந்து கியர்பொக்ஸுக்குப் போற ரொட்டையும் 300 மி.மீ. குறைச்சு, உள்ளுக்கு ஒரு குழாய்த் துண்டு விட்டு ஒட்டணும். முதல்ல பொட்டு மட்டும் வெச்சு எல்லாக் கியரும் விழுதா பாருங்க. ரொட் கொஞ்சம் திருகி ஒட்டுப்பட்டாலே ரிவர்ஸ் விழாது. கிளச் கேபிள் கியர்பொக்ஸுக்குப் போற இடத்துல உள்ள வளையுற குழாய் 25 முதல் 45 மி.மீ. வரை தொங்கி நிக்கணும். நேரா இழுபட்டா கிளச் விடக்குள்ள கார் உதறும்.

பீட்டில்ட விறைப்புல பெரும்பங்கு பொடியோட, கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ஓடுற ஹீட்டர் சனல்ல. அதைக் கழட்டினா வெறும் சேஸி முறுகும். ரெண்டு பக்கமும் 50×100, 3 மி.மீ. தடிப்புப் பொக்ஸ் பார் ஒட்டி, கதவுத் தூண்கிட்டக் குறுக்கால கட்டுங்க. பின்மூலை ஒண்டை ஜக்கியால தூக்கக்குள்ள கதவு இறுகினா இன்னும் போதாது.

போட்காரன்_வாழைச்சேனை:
ஃபைபர் பகுதி. முதல்ல பொடிட வடிவத்துல ஒரு மாதிரி செஞ்சு, அதுல மோல்ட் (அச்சு) எடுத்து, அந்த மோல்டுக்குள்ளதான் பொடி போடுறது. மாதிரியை ரெஜிபோம்ல (வெள்ளை நுரை அட்டை) செதுக்காதீங்க, பொலியெஸ்டர் ரெசின் (ஃபைபர் பிசின்) அதைக் கரைச்சிரும். பிளைவூட் விலா எலும்பு, மேல மெல்லிய பிளைவூட், அதுக்கு மேல கட்டலோய் (டிங்கர் வேலைக்குப் பூசுற பசை).

பொடிக்குச் சதுர மீட்டருக்கு 450 கிராம் மெட் (கண்ணாடி நார் விரிப்பு) மூண்டு படை போதும், 3 மி.மீ. வரும். சதுர மீட்டர் மெட்டுக்கு ரெசின் ஒரு கிலோ, சொச்சம் போனா 1.1. மோல்டுல முதல்ல பூசுற வெளிப்படையான ஜெல்கோட் சதுர மீட்டருக்கு 600 கிராம். மெல்லிசாப் போட்டா வேகாது. பின்னால வாற ரெசின் அதைத் தின்னு, மேல்பக்கம் முதலைத்தோல் மாதிரிச் சுருங்கும். போட்டுக்குப் போடுற ரோவிங்கை (நெய்த கண்ணாடி நார்) ஜெல்கோட்டுக்கு நேர பின்னால வெக்காதீங்க, பெயின்ட் அடிச்ச பிறகு நெசவு தெரியும்.

ரெசினை இறுக்குற ஹார்ட்னர் 28 பாகைச் சூட்டுல 1.5 சதவீதம், 33ல 1. 1 சதவீதத்துக்குக் கீழ இறங்கினா எப்பவும் முழுசா இறுகாது. கச்சான் காத்து வீசுற பின்னேரம் ஜெல்கோட் அடிக்கவே வேணாம், தூசியும் சூடும் ஒண்டா வரும்; விடிய வெள்ளன செய்யுங்க. மார்கழி மழைக்குள்ள மெட் ஈரம் பிடிச்சா படைக்குள்ள வெள்ளை விழும்.

எல்லாரும் கவனிக்க வேண்டியது: கோபால்ட்டையும் (ரெசின் கெதியா இறுகப் போடுற திரவம்) ஹார்ட்னரையும் நேரடியாக் கலந்தா வெடிக்கும். கோபால்ட்டை முதல்ல ரெசின்ல நல்லாக் கலக்கிட்டு, பிறகுதான் ஹார்ட்னர். ரெண்டு போத்தலையும் வேற வேற இடத்துல வெச்சு, அளக்கிற வேலையை வாப்பாக்கிட்டயோ உங்கக்கிட்டயோ மட்டும் வையுங்க.

ஆமைக்கார்_கல்முனை:
ஜஸாக்கல்லாஹ். அப்ப பிள்ளைகளுக்கு?

போட்காரன்_வாழைச்சேனை:
மோல்டுக்கு மெழுகு. அஞ்சு தரம், ஒவ்வொண்டையும் மினுக்கித் துடைச்சு. ஒரு இடம் விட்டாலும் பொடி மோல்டோட ஒட்டிக்கும். அவசரப்படாத பிள்ளைதான் இதைச் சரியாச் செய்யும். வயரிங்குல ஒவ்வொரு முனையும் லேபல் ஒட்டி வரைபடம் கீறுறதையும் குடுங்க. மெட் வெட்டுறது, அரம் போடுறது பெரியாக்கள், கையுறையும் மாஸ்க்கும் போட்டு.

டிங்கர்_கல்லடி:
ஒண்டு விட்டுப் போச்சு. புதுப் பொடி பாரம் குறைஞ்சது, அதனால பின்பக்கம் எழும்பி டயர் ரெண்டும் உள்ளுக்கு மடங்கின மாதிரி நிக்கும். அப்படியே வளைவுல வேகமாத் திருப்பினா டயர் இன்னும் மடங்கி கார் புரள ஏலும். பின் சஸ்பென்ஷன்ல ஸ்பிரிங்கா முறுகுற கம்பிதான் டோர்ஷன் பார்; அதுல உள்பக்கம் 40 பல், வெளிப்பக்கம் 44 பல். ஒண்டை ஒரு பல் முன்னுக்கும் மத்ததை ஒரு பல் பின்னுக்கும் மாத்தினா ஒரு பாகைக்கும் கொஞ்சம் குறைய இறங்கும். சீட், பெற்றோல், ஆள் எல்லாம் ஏத்தி அளந்துதான் கடைசி அளவை வையுங்க. வீலை மாத்தாதீங்க, உங்கட 5×205 போல்ட் வட்டம்தான் (205 மி.மீ. வட்டத்துல அஞ்சு போல்ட்) அந்தக் காலத்து ஸ்பீட்ஸ்டருக்கும்.