கிளுவைக் கட்டையில தீ கடைஞ்சு பார்த்தவங்க இருக்கீங்களா?

வணக்கமுங்க. கோயம்புத்தூர்ல எங்க அபார்ட்மென்ட் மொட்டை மாடியில, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பசங்களுக்குத் தீ கடையறது, நார்ல கயிறு திரிக்கறது எல்லாம் சொல்லிக் குடுக்கறோம். தீப்பெட்டி இல்லாம நெருப்பு உண்டாக்கிப் பார்த்த குழந்தைக்கு அது மேல வர்ற மரியாதையே வேறங்க. பக்கத்துல தண்ணி வாளி எப்பவும் இருக்கும்.

பழைய பேக்கிங் பெட்டிப் பலகையில குழி போட்டு, எருக்கங்குச்சியை வில்லுக் கயித்துல சுத்திக் கடையறோம். உதிர்ற தூள் சேர்றதுக்குக் குழியோரம் முக்கோணமா ஒரு வெட்டு. தூள் காப்பிப்பொடி நிறத்துக்கு வருது, புகையும் நல்லா வருது, ஆனா கங்கு பிடிக்கறதில்லை. தேங்காய் மஞ்சியை உதறிப் பஞ்சாட்டம் வெச்சுக் காத்திருக்கற பசங்க மூஞ்சியைப் பார்க்கவே சங்கடமா இருக்குதுங்க. ஆடிக் காத்து ஈரத்தோட அடிக்கறப்ப இன்னும் மோசம். பலகையிலதான் கோளாறுன்னு எனக்குத் தோணுது.

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காடு (உயிர்வேலி போட்ட மேய்ச்சல் நிலம்) வெச்சிருக்கறவங்ககிட்டத்தான் முக்கியமா கேக்கறேன். வேலிக் கிளுவை மிருதுவான மரம்தானுங்களே, அடிப்பலகைக்கு ஆகுமுங்களா? காய்ஞ்சு விழுந்த கட்டை ரெண்டு துண்டு கிடைச்சா நானே வந்து வாங்கிக்கறேன். உயிர்வேலியை வெட்ட வேண்டாமுங்க.

இன்னொண்ணு, ரயில் கத்தாழை மடல்ல நார் எடுக்கையில சாறு பட்டுக் கையெல்லாம் அரிக்குது. ஊற வெச்சு அடிக்கறதா, பச்சையாவே சீவறதா? உங்க வீட்டு அப்பாரு, ஆத்தாகிட்டக் கேட்டுச் சொன்னீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். ஒரு நாள் நேர்லயே வந்து பசங்களுக்குக் காட்டறதா இருந்தா, வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறோமுங்க.