நிறம் ‘உட்காரவில்லை’ என்பதற்கு ஒரு கலைச்சொல்: படிமானம், பிசகு

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வணக்கம். அச்சுத் தரச் சொற்பட்டியலின் புதிய வரைவைப் பார்த்தேன். அச்சில் நிறங்கள் தத்தம் இடத்தில் விழுவதைக் குறிக்கும் ‘ரெஜிஸ்டர்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எதிரே ‘பதிவு’ என்றும், அது தவறினால் ‘பதிவுப் பிழை’ என்றும் போட்டிருக்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டுப் ‘படிமானம்’, ‘பிசகு’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். இந்தக் குறையோடு மல்லுக்கட்டாத வாரமே கிடையாது. அதனால் மடல் சற்று நீளும்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். வண்ணப் படம் ஒரே அடியில் தாளில் விழுவதில்லை. சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு மைகள் நான்கு பிளேட்டுகளிலிருந்து (அச்சுத் தகடுகளிலிருந்து) ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகின்றன. ஒவ்வொன்றும் நுண்புள்ளிகளாகவே இறங்கும். அங்குலத்துக்கு 150 வரிசை என்று வைத்தால், ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர். ஒரு நிறம் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால் பாதி வரிசைக்கு மேல் தள்ளிப்போய்விட்டது. அப்போதுதான் மணப்பெண்ணின் உதட்டுக்கு வெளியே சிவப்பு தெரிகிறது, எழுத்துக்குப் பக்கத்தில் இன்னொரு எழுத்து நிழலாய் நிற்கிறது.

நான்கு நிறமும் தத்தம் இடத்தில் இறங்கியிருப்பதற்கு ஒரு பெயர் வேண்டும். இறங்காமல் போனதற்கு ஒரு பெயர் வேண்டும். இவ்வளவுதான் தேவை.

‘பதிவு’ ஏன் ஆகாது? சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் அச்சகத்துக்குத் தமிழில் ஒரு தரச் சரிபார்ப்புத் தாள் எழுதினேன். அகராதியைப் பார்த்து ‘பதிவுப் பிழை உள்ளதா?’ என்று ஒரு வரி சேர்த்தேன். மிஷின்மேன் அந்த வரிக்கு எதிரே நாள்தோறும் ‘இல்லை’ என்று எழுதி வந்தார். ஒரு நாள் தாளில் மஞ்சள் தெளிவாக விலகியிருந்தது, அன்றும் ‘இல்லை’. கேட்டபோது, வேலைச் சீட்டில் எண், தாள் அளவு, படி எண்ணிக்கை எல்லாம் சரியாகப் பதிந்திருக்கிறதா என்றுதானே கேட்டிருக்கிறீர்கள் என்றார். அவர் படித்தது சரி. ‘பதிவு’ என்றால் தமிழில் எழுதி வைப்பது, பத்திரம் பதிவது, திருமணத்தைப் பதிவது. போதாக்குறைக்கு அச்சுத் தொழிலிலேயே பிளேட்டின் மை தாளில் ஒற்றுவதற்கும் பதிவு என்கிறோம். ஆங்கிலச் சொல்லின் வேறொரு பொருளைப் பிடித்துக்கொண்டு வந்து இங்கே வைத்ததால் நேர்ந்தது இது.

‘படிமானம்’ எனக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றுக்கு அட்டைப்பெட்டி அடித்துக்கொண்டிருந்தோம். எங்களுடையது இரண்டு நிற இயந்திரம்; நான்கு நிற வேலை என்றால் தாள் இரண்டு முறை உள்ளே போய்வர வேண்டும். மாலையில் கறுப்பும் சயானும் ஓடி முடிந்தன. இரவு நல்ல மழை. அட்டை அடுக்கைப் பாலிதீன் தாளால் மூடாமல் விட்டுவிட்டோம். காலையில் மெஜந்தாவையும் மஞ்சளையும் ஏற்றினால், கிரிப்பர் பக்கம், அதாவது இயந்திரம் தாளைக் கவ்வும் முன் ஓரத்தில், எல்லாம் சரியாக இருக்கிறது. வால் பக்கம், அதாவது பின் ஓரத்தை நோக்கி, போகப் போக இரண்டு ஓரங்களிலும் நிறங்கள் விலகுகின்றன. பழுத்த காப்பிப் பழத்தைச் சுற்றி ஒரு பக்கம் நீல விளிம்பு, மறுபக்கம் சிவப்பு விளிம்பு. தாளைப் பக்கவாட்டில் இடம் நிறுத்தும் சைடு லே பார்த்தோம், முன் ஓரத்தில் நிறுத்தும் ஃபிரன்ட் லே பார்த்தோம், பிளேட்டைக் கழற்றி மறுபடி பூட்டினோம். அரை நாள் போயிற்று. கடைசியில் இரும்பு ஸ்கேலை வைத்து, முதல் நாள் அடித்த இரு குறிகளுக்கு இடையே அளந்தபோதுதான் தெரிந்தது, அட்டையே நீண்டிருக்கிறது.

தாள் என்பது நார். ஈரம் குடித்தால் ஒவ்வொரு நாரும் பருக்கும். நீளவாக்கில் அதிகம் நீளாது. அதனால் தாள் நார்ப்போக்கிற்குக் குறுக்கே பல மடங்கு கூடுதலாக விரியும். 25 அங்குலத் தாள் ஆயிரத்தில் அரைப் பங்கு விரிந்தாலே 0.3 மில்லிமீட்டர் போய்விடும். நார்ப்போக்கு இயந்திர உருளையின் நடுக்கோட்டுக்கு இணையாக இருக்கும்படி வெட்டியிருந்தால், விரிவு உருளையின் சுற்றுவாக்கில் வந்திருக்கும். பிளேட்டுக்கு அடியில் வைக்கும் தாளான பேக்கிங்கைக் கூட்டிக் குறைத்து ஓரளவு சரிக்கட்டியிருக்கலாம். அட்டையை மிச்சப்படுத்த மாற்றி வெட்டச் சொன்னது நான். அந்த அடுக்கில் பெரும்பகுதி வீணாயிற்று. அச்சு அறையில் ஈரப்பதம் 50 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிலையாக இருக்க வேண்டும் என்று எல்லாப் பாடமும் சொல்கிறது. கோடையில் நாற்பது டிகிரியைத் தொடும் ஊரில், ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யும் சிறு அச்சகங்களுக்கு அது எவ்வளவு பெரிய செலவு என்பது இங்கிருப்பவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பெட்டிகளை மடித்து ஒட்டும் பெரியவர் மறுநாள் வந்தார். மாதிரிக்கு ஒன்றை எடுத்து மடித்தார். மூடியைப் போட்டு அழுத்திப் பார்த்தார். திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். “மூடி படிமானமாகத்தான் இருக்கிறது. கலர்தான் படியவில்லை, கொஞ்சம் பிசகியிருக்கிறது” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு வேறு சொல் தோன்றவில்லை.

‘படி’ என்ற வினையை எண்ணிப் பாருங்கள். தலைமுடி படிகிறது, துணி மடிப்பில் படிகிறது, கதவு நிலையில் படிகிறது, பேரம் படிகிறது. ஒன்று இன்னொன்றின்மேல் இடைவெளி இல்லாமல் இறங்கி அமைவதைத்தான் எல்லா இடத்திலும் குறிக்கிறது. தச்சர்கள் கதவுக்கும் பெட்டி மூடிக்கும் ‘படிமானம்’ என்பதை இன்றும் சொல்கிறார்கள். அச்சகங்களிலும் ‘கலர் உட்காரவில்லை’ என்றே பேசுகிறார்கள், அதே கற்பனைதான். ‘அமர்வு’ என்று வைக்கலாமா என்று யோசித்தேன். கருத்தரங்குக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இனி, குழுமத்தில் எழுந்த கேள்விகள்.

> ‘வண்ணப் பொருத்தம்’ என்பது எல்லாருக்கும் எளிதில் புரியுமே?

கோவை அன்பருக்கு: புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். முகூர்த்தப் பட்டுப்புடவையைக் கையோடு கொண்டுவந்து, பத்திரிகையில் இதே அரக்கு வர வேண்டும் என்று கேட்பவர்கள் எங்களுக்கு ஏராளம். வண்ணப் பொருத்தம் என்றால் அதுதான். நிறம் சரியாக இருந்து இடம் தவறலாம். இடம் சரியாக இருந்து நிறம் வெளுக்கலாம். ஆஃப்செட்டுக்கான பன்னாட்டுத் தரநிலையான ஐஎஸ்ஓ 12647-2, 1996-இல் வந்து 2004-இலும் 2013-இலும் திருத்தப்பட்டது. அதில் நிற வேறுபாட்டை டெல்டா ஈ என்ற அளவால் பார்க்கிறார்கள். இடத் தவற்றுக்கு மில்லிமீட்டர் கணக்கு. இரண்டு கருவி, இரண்டு அளவு, இரண்டு தீர்வு. ஒரே சொல்லால் இரண்டையும் அழைத்தால், வாடிக்கையாளர் மைக்காகச் சண்டை போடுவார், நாங்கள் லே-யைத் திருகிக்கொண்டிருப்போம்.

> ‘படிமானம்’ என்பது ‘படிமம்’ என்பதோடு குழம்பாதா?

அம்மா கேட்டிருப்பது நியாயமான கேள்வி. இந்தச் சொல்லின் பலவீனம் இதுதான். அச்சுத் துறையில் படத்துக்குப் ‘படிமம்’ என்று எழுதுவோர் உண்டு. ‘படிமக் குறி’, ‘படிமானக் குறி’ என்று அடுத்தடுத்து வந்தால் கண் தடுமாறும். நம் பட்டியலில் படத்துக்கு ‘உரு’ என்பதை வைத்தால் சிக்கல் தீரும் என்று நினைக்கிறேன். ‘படிமம்’ கவிதைத் திறனாய்வில் நன்றாகவே வாழ்கிறது. அதை இங்கே இழுத்துவர வேண்டியதில்லை.

> ‘பிசகு’ பேச்சுச் சொல். தரநிலை ஆவணத்தில் எடுபடுமா?

இதைத்தான் நான் வலுவாக மறுக்கிறேன். ‘பிழை’ என்பது தவறு. எப்படிப்பட்ட தவறு என்று சொல்லாது. ‘விலகல்’ திசையைச் சொல்லும், குற்றத்தைச் சொல்லாது. புள்ளியியலுக்கும் அது வேண்டும். ‘பிசகு’ இரண்டையும் ஒருசேரச் சொல்கிறது: இருக்க வேண்டிய இடத்திலிருந்து சிறிதே நகர்ந்தது, அதனால் கெட்டது. நரம்பு பிசகினால் வெளியே ஒன்றும் தெரியாது, கழுத்தைத் திருப்ப முடியாது. ‘இம்மியும் பிசகாமல்’ என்று சொல்கிறோம் அல்லவா? இம்மி என்பது பழந்தமிழ்ச் சிற்றளவு. மிகச் சிறிய அளவையும் இடம் தவறுவதையும் தமிழ் எப்போதோ சேர்த்து வைத்துவிட்டது. நாம் செய்ய வேண்டியது, இம்மி இருந்த இடத்தில் மில்லிமீட்டரை வைப்பது மட்டும்.

1916-இல் இதே சேலத்தில், அப்போது இங்கே வழக்கறிஞராக இருந்த இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் அறிவியல் கலைச்சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அப்போது தேவைப்பட்டவை வேதியியலுக்கும் தாவரவியலுக்குமான சொற்கள். பட்டறைச் சொற்கள் இன்னும் பட்டறையிலேயே கிடக்கின்றன. அவற்றைப் ‘பேச்சுச் சொல்’ என்று தள்ளினால், ஆவணத்தில் ஒரு தமிழும் இயந்திரத்தின் பக்கத்தில் ‘ரெஜிஸ்டர் அவுட்’ என்பதும் தனித்தனியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

கிளைச் சொற்களும் இயல்பாக அமைகின்றன. தாளின் ஓரத்தில் வட்டத்துக்குள் சிலுவைபோல் எல்லா பிளேட்டிலும் இருக்குமே, வெட்டும்போது போய்விடுவது, அது படிமானக் குறி. எவ்வளவு நகர்ந்தது என்பது பிசகளவு. தாளின் முன்புறமும் பின்புறமும் ஒத்து நிற்பது இருபுறப் படிமானம். அதைப் பார்க்க அச்சகம் வர வேண்டியதில்லை. 500 ரூபாய்த் தாளின் இடப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும். எண்ணின் ஒரு பகுதி முன்னும் மறுபகுதி பின்னுமாக அச்சாகி, இரண்டும் கூடி 500 என்று முழுதாகத் தெரியும். ஒரே நிறம், மையைத் தாளுக்கு மாற்றும் ரப்பர் விரிப்பான பிளாங்கெட்டின் கோளாறால், இரண்டாக விழுவது மட்டும் பிசகு ஆகாது. அதற்கு வரைவில் உள்ள ‘இரட்டிப்பு’ சரியான சொல். லூப் என்னும் உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால்தான் இரண்டுக்கும் வேறுபாடு தெரியும் என்பதால், பட்டியலில் இவற்றை அடுத்தடுத்து வைத்து விளக்கம் எழுத வேண்டும்.

தமிழுக்கே உரிய ஒரு தொல்லையையும் விளக்கத்தில் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன். நான்கு நிறத் தரையில் (பின்புலத்தில்) வெள்ளை எழுத்தாகச் சிறு எழுத்துகளை வைக்கிறார்கள். ஆறு பாயிண்ட் அளவில் மெய்யெழுத்தின் புள்ளி கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது. 0.1 மில்லிமீட்டர் பிசகினாலே அந்தப் புள்ளியில் பாதியை இன்னொரு மை மூடிவிடும். ‘உப்பு’ ‘உபபு’ ஆகிவிடும். உட்பொருள் பட்டியலில் இப்படிப் புள்ளி இழந்த சொற்களை லூப்பில் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது. ஆங்கில எழுத்தை மனத்தில் வைத்து வகுத்த குறைந்தபட்ச எழுத்தளவு தமிழுக்குப் போதாது. நிறத் தரையில் வெள்ளைத் தமிழ் எழுத்து எட்டுப் பாயிண்டுக்குக் குறையக் கூடாது என்பது என் அச்சக வழக்கம்.

சென்ற மாதம் எங்கள் ஒப்புதல் படிவத்தில் ‘நிறப் பிசகு 0.1 மில்லிமீட்டருக்குள்’ என்ற வரியைச் சேர்த்தேன். கையெழுத்திட்ட வாடிக்கையாளர்கள் ஒருவரும் அதற்குப் பொருள் கேட்கவில்லை. சரிபார்ப்புத் தாளிலும் ‘படிமானம் பார்த்தாயிற்றா?’ என்று மாற்றியாயிற்று. இப்போது மிஷின்மேன் நான்கு மூலையிலும் லூப் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறார். மஞ்சள் புள்ளி லூப்பில் மங்கலாகத் தெரிவதால் அதற்கு மட்டும் நீல வடிகட்டி கேட்டார், வாங்கிக் கொடுத்தேன்.

ஒன்றே ஒன்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இயந்திரத்தைத் திருகி நிறங்களை இடத்துக்குக் கொண்டுவரும் செயலுக்கு வினை வேண்டும். இலக்கணம் தெரிந்தவர்கள் ‘படிவித்தல்’ என்கிறார்கள். எங்கள் ஆட்கள் இதற்குள் ‘படிமானம் பிடித்தல்’ என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். என் வாக்கு பின்னதற்கு. வரைவை முடிப்பதற்கு முன் இதைப் பற்றி உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
செவ்வாய்ப்பேட்டை அச்சகத்தான்
சேலம்