பாத்திரத்தின் அடியில் வேர்த்த தண்ணீர்

பதினொன்றாம் வகுப்பில் முதல் மாதத் தேர்வு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராகும் சமன்பாட்டைச் சமன் செய்யச் சொல்லிக் கேள்வி. இடது பக்கம் ஆக்சிஜன் 2, வலது பக்கம் 1. ஒன்றுதானே குறைகிறது என்று ஹெச்டூஓ-வின் ஓ-வுக்குக் கீழே ஒரு 2 போட்டேன். இரண்டு பக்கமும் சரியாக வந்துவிட்டது. விடைத்தாளில் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு பெரிய வட்டம், பக்கத்தில் சுழியம்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை, எண்ணிப் பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது என்று சாரிடமே போய்க் கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் ஆய்வகத்துக்குக் கூட்டிப்போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து ஒரு பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அதைத்தான்மா நீ எழுதியிருக்க. உன்கிட்ட கேட்டது தண்ணி." ஹைட்ரஜன் பெராக்சைடு. அப்புறம் அவர் சொன்னதை இன்றுவரை என் பிள்ளைகளுக்கும் அப்படியே சொல்கிறேன்: கீழே இருக்கிற சின்ன எண் அந்தப் பொருளின் பெயரில் ஒரு எழுத்து மாதிரி, அதில் கை வைத்தால் பொருளே மாறிவிடும், முன்னால் போடுகிற எண்தான் அது எத்தனை என்று சொல்வது, நமக்கு மாற்ற உரிமை இருப்பது அதை மட்டும்தான்.

இப்போது 12 வருடங்களாக வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சமன் செய்யப் பழகிய பிறகும் பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதே தண்ணீர்ச் சமன்பாட்டைச் சரியாக, இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறுக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு, கிடைப்பது இரண்டு தண்ணீர் என்று எழுதியதும் 2 கிராமுக்கு 1 கிராம் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். உண்மையில் 4 கிராம் ஹைட்ரஜனுக்கு 32 கிராம் ஆக்சிஜன் வேண்டும், 36 கிராம் தண்ணீர் கிடைக்கும். ஒரு டஜன் எலுமிச்சையும் ஒரு டஜன் தேங்காயும் எண்ணிக்கையில் ஒன்றுதான், தூக்கிப் பார்த்தால்தானே தெரியும். மோல் என்பதும் அப்படி ஒரு எண்ணிக்கைதான், டஜனைவிட ரொம்ப ரொம்பப் பெரியது, அவ்வளவே.

ஆனாலும் வாயால் சொல்வதெல்லாம் ஓரளவுக்குத்தான் உள்ளே போகும். அதனால் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளைச் சமையலறைக்குக் கூட்டிப்போவேன். எவர்சில்வர் பாத்திரத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கத்தைத் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு அடுப்பில் வைப்பேன். பற்றவைத்த கொஞ்ச நேரத்திலேயே பாத்திரத்தின் வெளிப்பக்கம் மங்கி, பனி படிந்த கண்ணாடி மாதிரி ஆகி, அடியில் சின்னச் சின்னத் துளிகள் கோக்கும். பாத்திரம் சூடேறியதும் மறைந்துவிடும். "மிஸ், பாத்திரம் ஒழுகுதா?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். இல்லை, நெருப்பிலிருந்து வருகிற தண்ணீர் அது.

அப்படியே போர்டுக்கு வருவோம். சிலிண்டரில் இருப்பது பெரும்பாலும் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. கணக்குக்கு எளிதாகப் பியூட்டேன் மட்டும் என்று வைத்துக்கொள்கிறோம். அதில் கார்பன் 4, ஹைட்ரஜன் 10. கார்பனை முதலில் சரிசெய்தால் கார்பன் டை ஆக்சைடு 4, ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் 5. ஆக்சிஜனை எப்போதும் கடைசிக்கு விடுங்கள், அது இரண்டு விளைபொருளிலும் இருப்பதால் முதலில் தொட்டால் மறுபடி மறுபடி அழிக்க வேண்டிவரும். வலது பக்கம் எண்ணினால் 8-ம் 5-ம் 13 அணு. ஆக்சிஜன் ஜோடியாகத்தான் வரும், ஆக ஆறரை மூலக்கூறு. "அரை மூலக்கூறு எப்படி மிஸ் வரும்?" என்று போன வருடம் ஒரு பையன் கேட்டான், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது எனக்கு. வராது. அதனால் எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கு. 2 பியூட்டேன், 13 ஆக்சிஜன், 8 கார்பன் டை ஆக்சைடு, 10 தண்ணீர். மோலில் பேசினால் ஆறரை என்றே வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

இப்போது எடைக்கு வாருங்கள். ஒரு மோல் பியூட்டேனுக்கு, அதாவது 58 கிராமுக்கு, 208 கிராம் ஆக்சிஜன், கிடைப்பது 176 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 90 கிராம் தண்ணீரும். வீட்டு சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ, அதற்குப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். சுமார் 22 கிலோ தண்ணீர்! ஒரு சிலிண்டர் எரிந்து முடிவதற்குள் ஒரு பெரிய கேன் தண்ணீர் ஆவியாகச் சமையலறைக்குள் வந்து போயிருக்கிறது. கார்பன் டை ஆக்சைடு 43 கிலோ. உள்ளே போட்டது 14.2, வெளியே வந்தது 65, மீதி எங்கிருந்து வந்தது என்று ஒரு பெண் பிடித்துக்கொண்டாள். காற்றிலிருந்து, 51 கிலோ ஆக்சிஜன். அதற்குச் சுமார் 220 கிலோ காற்று வேண்டும்.

அந்தக் காற்று வராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் போர்டில் கற்றுக்கொள்ளவில்லை. சில வருடங்களுக்கு முன் சித்தி வீட்டில் குளியலறைக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டியிருந்தார்கள். மார்கழிக் குளிர், ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளித்த சித்தி தலை சுற்றி, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, கதவுவரை வர முடிந்தது. பசி மயக்கம் என்று காபி போட்டுக் கொடுத்தார்களாம்.

நான் போனபோது ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். 2 பியூட்டேனுக்கு 13 ஆக்சிஜன் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு. 9 மட்டும் கிடைத்தாலும் சமன்பாடு அழகாகச் சமன் ஆகிவிடும், தண்ணீர் அதே 10, ஆனால் அந்த 8 இப்போது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தில் போய் இது உட்கார்ந்துகொள்ளும். எந்தப் பொருள் முதலில் தீர்கிறதோ அதுதான் வினையை முடித்துவைக்கும் என்று லிமிட்டிங் ரீயேஜென்ட் பாடத்தில் படிக்கிறோமே, அந்தச் சின்ன அறையில் தீர்ந்துபோனது ஆக்சிஜன். பர்னர் அடைத்துக்கொண்டு சுடர் மஞ்சளாக எரிந்து பாத்திரத்தில் கரி பிடிக்கிறதே, அதுவும் காற்றுப் பற்றாமல் நடப்பதுதான்.

சித்தி எட்டாவது வரை படித்தவர். தாளை வாங்கி 13-ஐயும் 9-ஐயும் மாறி மாறிப் பார்த்தார். "நாலு குறைஞ்சதுக்கா இவ்வளவு?" என்று கேட்டார். மறுவாரமே ஆளை வரவழைத்து கீசரை வெளிச்சுவருக்கு மாற்றி, குழாயை மட்டும் உள்ளே விட்டுவிட்டார்.