மறு: பூனைகளுக்கான ‘பாடி கண்டிஷன் ஸ்கோர்’: தமிழில் ‘சதைப்பற்று நிலை’

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனைகளின் எடைப் பராமரிப்பு பற்றிய கையேட்டுக்கு, பூனை மெலிந்திருக்கிறதா பருத்திருக்கிறதா என்பதைக் காட்டும் ‘பாடி கண்டிஷன் ஸ்கோர்’ என்பதைக் குறிக்க இந்த இழையில் மூன்று சொற்கள் வந்துள்ளன: உடல்நிலை மதிப்பெண், உடற்கட்டுக் குறியெண், உடல்வாகு அளவை. மூன்றும் சொல்லாக்க முறைப்படி சரியானவையே. ஆனால் இந்தச் சொல்லைக் கையாளப்போகிறவர் மருத்துவர் மட்டுமல்லர். அடுக்குமாடி வீட்டில் பூனையை மடியில் வைத்துக்கொண்டு அதன் விலாவைத் தடவிப் பார்க்கும் வளர்ப்பவரும்தான். அவரை மனத்தில் வைத்துப் பார்க்கும்போது மூன்றிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது.

முதலில் அளவீட்டின் தன்மையைச் சொல்லிவிடுகிறேன். லாஃப்லாம் என்ற கால்நடை ஊட்டவியல் அறிஞர் 1997இல் பூனைகளுக்கென வெளியிட்ட இம்முறையில் 1 முதல் 9 வரை நிலைகள் உண்டு. 1 என்பது எலும்பும் தோலுமான பூனை, 9 என்பது அளவு மீறிக் கொழுத்த பூனை, நடுவிலுள்ள 5 விரும்பத்தக்கது. எடைக்கருவி இதற்குத் தேவையில்லை. விலா எலும்புகள் கைக்கு எவ்வளவு எளிதில் தட்டுப்படுகின்றன, மேலிருந்து பார்க்கையில் விலாவுக்குப் பின்னால் இடுப்பு ஒடுங்கியிருக்கிறதா, பக்கவாட்டில் வயிறு உள்வாங்கியிருக்கிறதா என்ற மூன்றையும் முக்கியமாகக் கொண்டே நிலை முடிவாகிறது. பெர்சியன் போன்ற அடர்முடிப் பூனைகளில் கண் ஏமாற்றிவிடும் என்பதால் கைதான் சான்று.

‘உடல்நிலை மதிப்பெண்’ என்பதன் இடர் இங்கேதான் தொடங்குகிறது. ‘உடல்நிலை சரியில்லை’ என்றால் நோய் என்றே நாம் பொருள்கொள்கிறோம். மதிப்பெண் என்றாலோ கூடக்கூட நல்லது என்பது பள்ளிப் பருவத்திலிருந்தே நம்முள் ஊறிய எண்ணம். இரண்டும் சேர்ந்தால், “உங்கள் பூனையின் உடல்நிலை மதிப்பெண் 8” என்று கேட்ட வளர்ப்பவர் மகிழ்ச்சியோடு வீடு திரும்பி இன்னொரு கிண்ணம் தீனி வைப்பார். இலங்கை அன்பர் ‘மதிப்பெண்’ணுக்கு மாற்றாகப் ‘புள்ளி’ என்றார். அவர்கள் வழக்கில் அதுவும் தேர்வுப் புள்ளிதானே. ‘உடற்கட்டு’ உடற்பயிற்சிக் கூடத்தை நினைவூட்டுகிறது. ‘உடல்வாகு’ பிறவியில் அமைந்தது, மாற்ற முடியாதது. “அது அதன் உடல்வாகு” என்று சொல்லிக் கொழுத்த பூனையை அப்படியே விட்டுவிட இச்சொல்லே இடங்கொடுத்துவிடும்.

எனவே என் முன்மொழிவு ‘சதைப்பற்று நிலை’. முதலில் ‘சதைப்பிடிப்பு’ என்றே எண்ணினேன். ஆனால் காலில் சதை பிடித்துக்கொள்வதையும் மக்கள் அப்படியே சொல்வதால், மருத்துவக் கையேட்டில் அது குழப்பும். ‘சதைப்பற்று’க்கு அந்தச் சிக்கல் இல்லை, தாவரவியலில் கள்ளி, கற்றாழைக்கு வழங்குவது இங்கே குறுக்கிடப் போவதுமில்லை. நெற்றியில் பற்றுப் போடுவதுபோல் விலா எலும்பின் மேல் எவ்வளவு படிந்திருக்கிறது என்பதைத்தானே விரல் தேடுகிறது? வளர்ப்பவருக்குச் சொல்லித்தரும் எளிய முறையும் அதையே காட்டும். விரல்களை மடக்கி முட்டிகளைத் தடவினால் வருவது மெலிந்த பூனையின் விலா. கையை விரித்துப் புறங்கையைத் தடவினால் வருவது சரியான விலா. உள்ளங்கைப் பக்கம் தடவி எலும்பைத் தேட வேண்டியிருந்தால் பூனை பருத்துவிட்டது.

இந்த அளவீடு கொழுப்பையே குறிப்பதால் ‘சதை’ பொருந்தாது என ஒருவர் மறுக்கலாம். பேச்சு வழக்கில் ‘சதை போட்டுவிட்டது’ என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொழுப்பைத்தான். தசைக்கென்று கால்நடை மருத்துவத்தில் வேறோர் அளவீடு இருக்கிறது; வயதான பூனைக்குக் கொழுப்பு மிகுந்திருக்கும்போதே தசை கரைந்திருக்கக்கூடும். அதற்குத் ‘தசை நிலை’ என்று ஒதுக்கிவிட்டால் இரண்டும் தெளிவாகப் பிரிந்து நிற்கும்.

‘நிலை’ என்ற ஈறு கணக்கிடவும் வசதியானது. 5க்கு மேல் ஒவ்வொரு நிலைக்கும் எடை தோராயமாக 10 முதல் 15 விழுக்காடு மிகுதி என்பது பொதுக் கணிப்பு. 5 கிலோ எடையுள்ள பூனை சதைப்பற்று நிலை 7இல் இருந்தால் அதன் இலக்கு எடை ஏறக்குறைய 4 கிலோ. 4 கிலோப் பூனையின் ஓய்வுநிலை ஆற்றல் தேவை நாளொன்றுக்குச் சுமார் 198 கிலோகலோரி. எடை குறைப்பதற்கு அதில் 80 விழுக்காட்டிலிருந்து தொடங்குவது வழக்கம், அதாவது 160க்குச் சற்றுக் குறைவு. நூறு கிராமில் 380 கிலோகலோரி உள்ள உலர் தீனியானால் 42 கிராம்தான். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தால், கிண்ணத்தை நிரப்பிவைத்துவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் எவ்வளவு மிகை என்பது விளங்கும். கருத்தடைக்குப் பின் ஆற்றல் தேவை குறைந்து பசி கூடுவதால், அந்த நாளிலிருந்தே அளந்து வைக்குமாறு கையேட்டில் எழுதியுள்ளேன்.

கையேட்டில் தடித்த எழுத்தில் வர வேண்டிய எச்சரிக்கை ஒன்று: பருத்த பூனையைப் பட்டினி போடக் கூடாது. சில நாள் உண்ணாமலிருந்தாலே அதன் உடற்கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து உயிருக்கு ஆபத்தாகும். இந்நோய்க்குக் ‘கல்லீரல் கொழுப்பேற்றம்’ என்ற சொல்லை ஏற்கிறேன். வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் 2 விழுக்காடு குறைந்தால் போதும். நம் 5 கிலோப் பூனைக்கு அது 25 முதல் 100 கிராம். கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை இது.

மற்ற சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘வீட்டுப் பூனை’ காட்டுப்பூனைக்கு எதிர்ச்சொல்லாகவே நிற்பதால், வெளியே விடாமல் வளர்ப்பதற்கு ‘உள்வீட்டுப் பூனை’ வேண்டும். பின்னங்கால்களுக்கு முன்னே தொங்கும் தோலைத் ‘தொந்தி’ என எழுதியிருந்தார்கள். ஒல்லிப் பூனைக்கும் அது இருக்கும் என்பதால் ‘அடிவயிற்று மடிப்பு’ என்று மாற்றியுள்ளேன். பூனை காலால் தட்டித் தட்டித் தீனியை வெளியே எடுக்கும் விளையாட்டுக் கலத்துக்குப் ‘புதிர்க் கிண்ணம்’ நன்று. ஆனால் சந்தையில் பல உருண்டையாகவும் குழாயாகவும் இருப்பதால் ‘புதிர்க் கலம்’ என்று வைத்துக்கொள்ளலாமா? மறுப்பு இருப்பவர்கள் எழுதுங்கள். அட்டவணைப் படத்தில் சொற்களைப் பொறிக்கும் வேலை அதற்காகக் காத்திருக்கிறது.